இரும்புக்குச் சொன்ன ஸலாம்

1

கடந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளும் நானும் ஒரே நினைவுக்கல்லுக்கு எதிரும் புதிருமாக நின்றோம். நான் கல்லின் பக்கம், ஒலிவாங்கிக்கு அருகில். அவள் வீதியின் அடுத்த பக்கம், கையில் ஒரு சுலோக மட்டையோடு. அவளும் அவளுடைய பள்ளித் தோழர்களும் அதில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால், 'அக்கிரமக்காரப் படைக்கு மரியாதை கிடையாது' என்று வரும். நடுவில் இரண்டு பொலிஸ்காரர்கள். அதில் ஒருவர் என் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். எனக்குக் கையசைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளங்கப்படுத்தக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஜேர்மனியின் வடகரையில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். கற்பிட்டியிலிருந்து கப்பல் சமையலறையில் வேலைக்கு ஏறி, இங்கே இறங்கி, இங்கேயே தங்கிப்போனவன். இந்த நாட்டில் நவம்பரில் ஒரு ஞாயிறு, போரில் இறந்தவர்களை நினைப்பதற்கென்று இருக்கிறது. இந்தப் பட்டினத்தில் கடற்படைக்காரர்களுக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். வழக்கமாக நாலு கிழவர்களும் ஒரு மலர்வளையமும்தான். இந்த வருடம் கூட்டம். ஏனென்றால், இரண்டாம் உலகப்போரில் இந்தத் துறையிலிருந்து போய்த் திரும்பாத ஒரு கப்பலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எங்கே என்று கேட்கிறீர்களா? எங்கள் கடலில். கற்பிட்டியின் உச்சமுனைக்கு வெளியே. நாங்கள் இத்தனை காலமும் 'இரும்பு' என்று சொல்லிவந்த அதே கப்பல்தான்.

அவர்கள் கண்டுபிடித்தார்களாம். வாப்பா காலத்திலிருந்தே எங்கள் வலைகளைக் கிழித்துக்கொண்டிருந்த சாமானை, இவர்கள் போன வருடம் கண்டுபிடித்தார்களாம்.

2

'இரும்புக்குப் போறம்' என்றால் எங்கள் கரையில் எல்லோருக்கும் விளங்கும். பாரை, கலவாய் மீன்கள் அங்கேதான் கூடும். முன்பு தென்னை வரிசையைப் பார்த்து இடம் பிடித்தார்கள். இப்போது நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்துப் பிடிக்கிறார்கள். அது யாருடைய கப்பல் என்பதில் ஒருவருக்கும் அக்கறை இருக்கவில்லை. ஒருவர் ஜப்பான்காரனுடையது என்பார், இன்னொருவர் வெள்ளைக்காரனுடையது என்பார். உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். சங்கு குளிக்கப் போனவர்கள் சேற்றுக்குள் சப்பாத்துகளைக் கண்டிருக்கிறார்கள்.

அதனால் ஒரு வழக்கம் வந்தது. இரும்புக்கு மேலால் போகும்போது எஞ்சினை அணைக்க வேண்டும். தண்டல், அதாவது தோணியின் தலைவர், மையவாடி வாசலில் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும்: 'அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்.' கப்றுக்குழிகளில் இருப்பவர்களே, உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். பிறகுதான் தூண்டிலோ வலையோ.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மௌலவி ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டார். கீழே கிடப்பவர்கள் முஸ்லிம்கள் இல்லை, அவர்களுக்கு அந்த ஸலாம் கூடாது என்றார். எங்கள் வாப்பா பயந்த சுபாவம். ஆனால் அன்றைக்கு எழுந்து நின்றார்.

"ஹஸ்ரத், அது நாங்க குடுக்கிற பட்டம் இல்ல. அவங்கட வூட்டு முகட்டுக்கு மேலால போறம். சொல்லாமப் போறது மரியாதையா?"

"அப்ப குட் மோர்னிங் எண்டு சொல்லிட்டுப் போங்க" என்றார் மௌலவி.

என் அண்ணன் ஹனீபா நானாவுக்கு இது போதாதா? ஒரு கிழமை முழுக்க இரும்புக்கு மேல் நின்று, தொப்பியைக் கழற்றி, "குட் மோர்னிங் சேர்!" என்று கத்தினார். அந்தக் கிழமை ஒரு மீனும் படவில்லை. அடுத்த கிழமை எல்லாத் தோணிகளும் ஸலாமுக்குத் திரும்பிவிட்டன. மௌலவியும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஸலாம் சொன்ன அதே ஆட்கள்தான் இரும்பிலிருந்து பித்தளையும் கழற்றினார்கள். அதை மறைத்துவிட்டு இந்தக் குறிப்பை எழுதுவதில் பிரயோசனம் இல்லை. எங்கள் வீட்டு அலுமாரியிலேயே ஒரு சாமான் இருந்தது. வெள்ளைப் பீங்கான் கோப்பை, மற்ற ஊர்களில் தட்டு என்பார்கள். யாரோ ஒரு சுழியோடி வாப்பாவுக்குக் கொடுத்தது. வீட்டில் இருந்ததிலேயே வடிவான பீங்கான் அதுதான் என்பதால், இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதும் நாட்களில், ஓத வரும் லெப்பைக்கு அதில்தான் சோறு வைப்போம். அடியில் ஒரு பறவையும் அதன் காலுக்குள் ஏதோ ஒரு அடையாளமும் இருக்கும். சோற்றைப் போட்ட பிறகு யார் தட்டைத் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்?

3

அந்தக் கல்லைப் பராமரிக்கும் நினைவுச் சங்கத்தின் தலைவரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் என் பஸ்ஸில் நூலகத்துக்குப் போவார். எண்பதைத் தாண்டியவர், சரித்திரம் படிப்பித்த ஆசிரியர். நான் இலங்கை என்று தெரிந்த நாளிலிருந்து தேயிலையைப் பற்றி மட்டும் கதைத்தவர், இந்த ஆனி மாதம் ஒருநாள் முன் ஆசனத்தில் உட்கார்ந்து, கற்பிட்டி என்ற பெயரைச் சொன்னார். நான் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய்விட்டேன். இத்தனை வருடத்தில் எனக்கு வந்த முதல் எச்சரிக்கைக் கடிதம் அதற்குத்தான்.

அவருடைய தந்தை அந்தக் கப்பலில் இருந்தார். தலைவர் பிறந்தபோது அவர் கடலில். ஒரு படம்தான் மிச்சம்.

அவர் ஒரு தாளைத் தந்து தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். கரையில் வைக்கப்போகும் பலகைக்கு. சிங்களமும் இங்கிலீஷும் வேறு யாரோ செய்கிறார்களாம். வாசகம் இதுதான்: இது போர்க் கல்லறை. இங்கே நங்கூரமிடுவதும் வலை போடுவதும் சுழியோடுவதும் தடை. தாய்நாட்டுக்கான கடமையில் உயிர்நீத்த வீரர்கள் இங்கே உறங்குகிறார்கள். அவர்களுடைய அமைதியைக் குலைக்காதீர்கள்.

அதோடு, நினைவுநாளில் என் தமிழை நானே மேடையில் வாசிக்க வேண்டுமாம். உள்ளூர் மீனவர்களோடு நல்லுறவுக்கு அடையாளமாக.

தடை என்ற சொல்லை எழுத முன்பே நானாவின் மகன் நிஸ்தார் வட்ஸ்அப்பில் வந்துவிட்டான்.

"சாச்சா, மஞ்சள் மிதவையைப் போட்டு வளைச்சிட்டானுகள். உள்ளுக்குப் போனா எஞ்சினைப் பறிப்பாங்களாம். மீன் இருக்கிற இடம் முழுக்க அதுக்குள்ள."

"யாரு மகன் போட்ட?"

"ஆருக்குத் தெரியும்? ஒரு ஒபிசுல கேட்டா மத்த ஒபிசுக்குப் போ எண்டுறாங்க. அது போகட்டும் சாச்சா. உம்மா ரஜபுல போறவ. அவ எப்பிடிப் போற?"

4

நிஸ்தாரின் உம்மா, என் மதினி, வருடத்தில் ஒரே ஒரு நாள் தோணி ஏறுவார். ரஜப் மாதத்தில் நானா இறந்த நாளில். இரும்புக்கு மேல் எஞ்சினை அணைத்து, ஸலாம் சொல்லி, குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதிவிட்டுத் திரும்புவார். நானாவின் கப்று அதுதான். அவர் உள்ளே போனார், வெளியே வரவில்லை. கூடப் போனவர்கள் மூன்று நாள் தேடியும் மய்யித்து கிடைக்கவில்லை. பள்ளியில் காயிப் ஜனாஸா, உடல் இல்லாத தொழுகை, தொழுதார்கள். அதற்குப் பிறகு இரும்புக்கு ஸலாம் சொல்லலாமா என்று ஒரு மௌலவியும் கேட்கவில்லை.

சிக்கிய வலையை எடுக்கப் போய் மௌத்தானார் என்பதுதான் ஊர்க் கதை. எனக்கு அது பொய் என்று தெரியும். நான் இங்கே வந்த இரண்டாம் வருடம் அது. தொலைபேசியில் செய்தி வந்து ஒன்பதாம் நாள் நானாவின் கடிதம் வந்தது. செத்த மனிதரின் கையெழுத்து. "இரும்புக்குள்ள ஒரு பித்தளை ஜன்னல் வளையம் பாத்து வச்சிருக்கேன். காத்து அடங்கினதும் போய்க் கழட்டப் போறேன். உனக்கு ஒரு துண்டு அனுப்புறேன், அங்க தொங்கப் போடு." அந்தக் கடிதத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. மதினி வலைக்கதையைச் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தார். அதை உடைக்க நான் யார்? என் மகள் ஸஹ்ராவுக்கும் வலைக்கதையைத்தான் சொன்னேன்.

ஆனால் பலகையில் நானாவின் பெயரும் வேண்டும் என்று நினைத்தேன். அவரும் அங்கேதான் கிடக்கிறார். நானே எழுதும் தமிழில், நானா கிடக்கும் இடத்துக்கு அவருடைய மனைவி வரக்கூடாது என்று எழுத எனக்கு இலேசில் கை வரவில்லை.

எழுதிக் கேட்டேன். இங்கத்தைய அலுவலகம், போரில் இறந்தோரின் உறவினருக்கான படிவத்தை அனுப்பியது. படைப்பிரிவு என்ற இடத்தில் கோடு போட்டேன். பதவி என்ற இடத்தில் 'சங்கு குளிப்பவர்' என்று ஜேர்மனில் எழுதினேன். இப்படி ஒருவர் சேவைப் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. அது எனக்கும் தெரியும். கொழும்புக்கு எழுதினேன். கடலடியில் கிடக்கும் பழம்பொருட்கள் மட்டும்தான் தங்கள் பொறுப்பு, உடல்கள் இல்லை என்றார்கள். வேறொரு அலுவலகம் மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்டது. அனுப்பினேன். இறந்த இடம் 'கடல்' என்று இருப்பதால் எந்தக் கப்பல் என்று நிரூபிக்கும்படி திருப்பி அனுப்பினார்கள். யாரை வைத்து நிரூபிப்பது? கப்பலுக்குள் இருப்பவர்களையா?

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் இதைப் போடும் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

5

இந்தக் கோபத்தைக் கேட்க வீட்டில் ஒருவர் இருப்பார் என்று நினைத்தேன். ஸஹ்ராவுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் சொல்வாள். அவளுடைய தமிழ், சாப்பாட்டு மேசையிலேயே நின்றுவிட்டது. உம்மா என் கையில் கொடுத்தனுப்பிய அந்தப் பீங்கான் தட்டில்தான் சின்ன வயதில் அவளுக்கும் சோறு ஊட்டினோம். பதினான்கு வயதில் ஒருநாள் கழுவும்போது திருப்பிப் பார்த்துவிட்டாள். கழுகும், அதன் காலடியில் நாஸிக் கட்சியின் சின்னமும். தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை அவள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அது கப்பல் சாமான் என்று சொன்னேன். எந்தக் கப்பல் என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையிலேயே அப்போது தெரியாது.

இப்போது அவளுக்கு என்னைவிட அதிகம் தெரியும். அந்தக் கப்பல் எங்கள் பக்கம் என்ன வேலைக்கு வந்தது என்று தேடி எடுத்திருக்கிறாள். கொழும்புக்கு வரும் கப்பல்களின் பாதையில் கண்ணிவெடிகளை மிதக்கவிட வந்ததாம். அவள் ஜேர்மனில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"வாப்பா, வெடிக்கு உங்கட தோணி எது, போர்க்கப்பல் எது எண்டு தெரியுமா? உங்கட வாப்பா அதில முட்டியிருந்தா நீங்களும் இல்லை, நானும் இல்லை. அவங்களை வீரர்கள் எண்டு நீங்க உங்கட வாயாலேயே வாசிக்கப் போறீங்களா?"

"செத்தவனைப் பத்தி இப்படிக் கதைக்கப்படாது."

"அழ வேண்டாம் எண்டு நான் சொல்லல்ல. பொய் சொல்லி அழ வேண்டாம் எண்டுதான் சொல்றேன். என்னத்துக்கு வந்தாங்க எண்டு எழுதிப்போட்டு அழட்டும்."

பிறகு அவளே, இறங்கிய குரலில், "பெரியவாப்பா பாவம். அவர் ஒரு வலைக்காகப் போன மனுஷன். அவரை அவங்களோட ஒரே பலகையில போடக் கேக்குறீங்களே" என்றாள்.

நான் பேக்கரியில் பாண் வாங்கப் போவதாகச் சொல்லி வீட்டை விட்டு வெளியே போனேன். வீட்டில் பாண் இருந்தது.

6

தலைவர் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். மேசையில் தட்டை வைத்தேன். கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி நேராக வைத்தார். தந்தை இதில் சாப்பிட்டிருப்பாரோ என்று நினைத்தாரோ என்னவோ, விளிம்பைப் பெருவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மீது இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று எரிச்சலும் வந்தது.

இரண்டு விஷயம் கேட்டேன். கப்பல் எதற்கு வந்தது என்று பலகையில் ஒரு வரி. ஹனீபா என்று ஒரு பெயர்.

அவர் பண்பாகத்தான் மறுத்தார். முதலாவதுக்கு, துக்க நாள் நீதிமன்றம் அல்ல என்றார். இரண்டாவதுக்குச் சங்கத்தின் யாப்பு விதி இடம் தராது என்றார். "உங்கள் அண்ணன் அங்கே அனுமதியில்லாமல் இறங்கியவர் அல்லவா?"

"உங்கள் தந்தை எங்கள் கடலுக்கு யாரிடம் அனுமதி கேட்டு வந்தார்?" என்றேன்.

என் ஜேர்மனில் எப்போதும் ஏதாவது பிழை இருக்கும். அன்றைக்கு அந்த வசனம் ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. அவர் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது" என்றார்.

"நானாவுக்கு இருபத்தேழு."

கதவருகே கோட்டை மாட்டும்போது சொன்னார், "நான் முப்பது வருடத்துக்கு மேல் சரித்திரம் படிப்பித்தவன். அது என்ன கப்பல் என்று எனக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை."

7

ஞாயிற்றுக்கிழமை பித்தளை வாத்தியம் வாசித்தார்கள். தலைவர் பெயர்ப்பட்டியலை வாசித்தார். தந்தையின் பெயரில் குரல் தளரவில்லை, வாத்தியாரின் குரலாகவே இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பைக்குள் என் மொழிபெயர்ப்பு ஒழுங்காக மடித்து இருந்தது. எதிர்ப்பக்கம் ஸஹ்ராவின் மட்டை தெரிந்தது. அந்த இடத்தில் தமிழ் விளங்கும் ஒரே ஆள் அவள்தான்.

தாளை வெளியே எடுத்தேன். வாசிக்கவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்" என்று தொடங்கினேன். "இப்ப பேர் வாசிச்ச எல்லாருக்கும் சொல்றேன். நீங்க எங்கட ஆக்களைக் கொல்லுறதுக்கு வெடி கொண்டு வந்தீங்க. அனுப்பினவன் அநியாயக்காரன், வந்த நீங்களும் அதுல பங்காளி. அத நான் மறைக்கல்ல. உங்களோட எங்கட ஆள் ஒருத்தர் இருக்கார். பேர் ஹனீபா. அவர் வலை எடுக்க வரல்ல. உங்கட பித்தளையைக் களவெடுக்க வந்தவர். அதையும் நான் மறைக்கல்ல. அவர் உங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஸலாம் சொன்ன மனிசன். கொஞ்சம் ஒதுங்கி அவருக்கும் இடம் குடுங்க."

கைதட்டினார்கள். மாநகரசபையிலிருந்து வந்த அம்மையார், எவ்வளவு இனிமையான மொழி, நல்லுறவுக்கு நன்றி என்றார். தலைவர் என் கையைப் பிடித்து, தாழ்ந்த குரலில், "ஹனீபா என்ற சொல் எனக்கு விளங்கியது" என்றார். பலகையில் ஒரு எழுத்தும் மாறப் போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஸஹ்ரா பொலிஸ்காரரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தமிழில் கேட்டாள். உச்சரிப்பு உடைந்து உடைந்து வந்தது.

"பெரியவாப்பா களவெடுக்கவா போன?"

"ஓம்."

"வலை எண்டு நீங்கதானே சொன்ன?"

"ஓம் மகள்."

"அப்ப அவங்களைப் பத்தி என்கூட ஏன் சண்டை பிடிச்ச?"

நான் தாளை மறுபடி மடித்தேன். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேறு பஸ்ஸில் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தபோது தட்டு மேசையில் நிமிர்ந்து இருந்தது. அவள் எடுத்து வைத்திருந்தாள்.

8

திங்கட்கிழமை காலையில் மதினி வட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிட்டார். நினைவுநாளில் நானாவின் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள் என்று முன்பே என்னிடம் கேட்டிருந்தார். வருகிற ரஜபில் மிதவைக்கு இப்பால் நின்றுதான் அவர் யாஸீன் ஓத வேண்டியிருக்கும். கேட்டபோது நானும் ஓம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

"பேர் சொன்னாங்களா தம்பி?"

"அவங்க சொல்லல்ல மதினி. நான் சொன்னேன்."

"அல்ஹம்துலில்லாஹ். என்னண்டு சொன்னீங்க?"

இதற்காகத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். பஸ்ஸை எடுக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஓட்டுநர் ஆசனத்தில் உட்கார்ந்து, கடிதம் வந்த கதையைச் சொன்னேன். பித்தளை வளையத்தைச் சொன்னேன். இத்தனை பேருக்கு முன்னால் வலைக்கதையை உடைத்துவிட்டேன் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பக்கத்தில் ஒரு கோழி கொக்கரித்தது.

"தம்பி" என்றார் மதினி. "அண்டைக்கு சுபஹு தொழுதுட்டு அவர் வெளிக்கிடக்குள்ள சாக்கையும் சுத்தியலையும் எடுத்துக் குடுத்ததே நான்தான். வலை எடுக்கப் போற மனிசனுக்கு சுத்தியல் என்னத்துக்கு?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீங்க தனிய, தூரத்துல இருந்தீங்க. தாங்க மாட்டீங்க எண்டுதான் வலை எண்டு சொல்லச் சொன்னேன். பிறகு அதுவே நிண்டிட்டு. தெரிஞ்சுக்கிட்டுத்தான் வருஷா வருஷம் போய் ஸலாம் சொல்றேன்." ஒரு பெருமூச்சு விட்டார். "நீங்க சொன்ன அந்தக் கிழவர் என்ன சொன்னார்? அவர்ட வாப்பா என்னத்துக்கு வந்த எண்டு அவர் சொன்னாரா?"

"இல்ல மதினி. தெரியும் எண்டு என்கிட்ட மட்டும் சொன்னார். எல்லாருக்கும் முன்னால கடமை எண்டுதான் சொன்னார்."

"பாவம் மனிசன்" என்றார் மதினி. "இன்னும் வலை எண்டுதான் சொல்லிக்கிட்டு இருக்கார்."